டைமர் அண்ணனின் பெயரில்லாப் பயங்கரவாதி

ஒரு பயங்கரவாதிக்குப் பெயர் வைக்க முடியாமல் வருஷக்கணக்கில் தூக்கம் கெட்டுத் திரிந்த மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் வெள்ளறடைக்கும் பனச்சமூட்டுக்கும் நடுவில் எங்கள் ஊரில் குடியிருக்கிறார். ரேஷன் கார்டில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் அடுத்த வீட்டுக்காரரே கையை விரிப்பார். டைமர் அண்ணன் என்று கேட்டால் ஆட்டோக்காரர் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். என்னைவிட இளையவர்தான். ஆனாலும் எனக்கும் அவர் அண்ணன்.

அவர் எடுக்கும் படம் எல்லாவற்றிலும் ஒரு குண்டு உண்டு. அந்தக் குண்டில் சிவப்பு எண்கள் ஓடும் ஒரு டைமர் உண்டு. எண்கள் குறையக் குறைய அவருக்கு உற்சாகம் ஏறும். பழக்கம் படத்தோடு நிற்கவில்லை. பிழைப்புக்கு அவர் கல்யாண வீடியோ எடுப்பவர். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் கேமராவுக்குப் பின்னாலிருந்து, "மூணு... ரெண்டு... ஒண்ணு..." என்பார். ஒரு மாப்பிள்ளை பதறிப்போய்த் தாலியைப் போதகரின் காலடியில் போட்டுவிட்டான்.

கல்யாணத்தைவிட அவருக்கு மரண வீடுதான் அதிகம். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார். அடக்கத்துக்கு வந்துசேர முடியாதவர்களுக்காக எல்லாவற்றையும் நேரலையில் காட்ட வேண்டும். மற்ற ஊர்களில் லைவ் எடுப்பவர்கள் கேமராவை ஒரு மூலையில் நிறுத்திவிட்டுச் சாயா குடிக்கப் போவார்கள். டைமர் அண்ணன் அப்படியல்ல. பெட்டியைக் காட்டுவார், அழுகிற மகளைக் காட்டுவார். பிறகு தூணில் சாய்ந்து நிற்கும் மருமகனின் முகத்தை நோக்கி மெல்ல, மிக மெல்ல நெருங்குவார். அடியில் 'டும்... டும்...' என்று ஓர் இசை. தொண்ணூறைத் தாண்டி உறக்கத்திலேயே போய்ச்சேர்ந்த ஒரு பெரியவரின் அடக்கத்தை அவர் இப்படிக் காட்டியதில், மஸ்கட்டிலிருந்து மூத்த மகன் கூப்பிட்டு, "அப்பாவ ஆராவது என்னமும் செய்தாவளா?" என்று கேட்டுவிட்டான். மருமகன் சண்டைக்கு வந்தார்.

"நான் ஒண்ணும் சொல்லல்ல, மக்கா," என்றார் டைமர் அண்ணன். "நீ கையில கெட்டின வாச்ச பாத்த. பிறவும் வாச்ச பாத்த. கேமரா கண்டுது. கண்டத காட்டாண்டாமா?"

இது அவர் முதல் படம் எடுப்பதற்கு முன்னால் நடந்தது. படம் எடுத்த பிறகுதான் என்று ஊரில் சிலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது தவறு. அந்தப் பெரியவரின் அடக்கம் முடிந்த அடுத்த ஓணத்துக்குத்தான் முதல் படம் வந்தது. எங்கள் ஊர் வாசகசாலையின் செயலாளர் நான். அவருடைய படங்கள் எல்லாம் எங்கள் ஹாலில்தான் திரையிடப்பட்டன. நிறுத்தப்பட்டவையும் எங்கள் ஹாலில்தான் நிறுத்தப்பட்டன. ஆகவே வரிசையில் எனக்குச் சந்தேகமில்லை.

"காதல் படம் எடுக்கக் கூடாதா, அண்ணா?" என்று ஒருமுறை கேட்டேன். "பேய்ப்படம் எடுத்தாலும் ஆள் வருமே. எதற்கு இந்தத் தீவிரவாதம்?"

அவர் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தினார்.

"நான் பம்பாயில ஒரு கேன்டீன்ல நின்னவனாக்கும் சாரே. ஒரு நாள் ரயிலு பெட்டியில ஆரும் இல்லாத ஒரு பை. ஒருத்தன் 'பாம்'ன்னு சொன்னான். அவ்வளவுதான். பெட்டி முழுக்க ஓட்டம். நானும் ஓடுனேன். பின்ன பாத்தா, உள்ள இருந்தது சப்பாத்தியும் உருளக்கிழங்கும்."

"சரி."

"அதில்ல சாரே. ஓடும்ப ஒருத்தனும் தனியா ஓடல்ல, கேட்டியளா? எனக்க கைய ஒரு கெழவி பிடிச்சிருக்கு. எனக்கு அவள தெரியாது, அவளுக்கு என்னைய தெரியாது. நான் வேற ஒரு பயலுக்க கைய பிடிச்சிருக்கேன். எப்பம் பிடிச்சேன்னு எனக்கே தெரியாது. பயம் தீந்ததும் எல்லாவனும் கைய விட்டுட்டு அவனவன் பாட்டுக்குப் போயிட்டான். அந்தக் கைய படத்தில எடுக்கணும் சாரே. அதுக்குக் குண்டு இல்லாம பற்றாது."

அவர் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பரிசு வேண்டாம், தியேட்டர் வேண்டாம். "ஒரு படம் கடசி வர ஓடணும். நம்ம ஆளுவ இருந்து பாக்கணும். கையடிக்காண்டாம். இருந்தா போரும்." அவ்வளவுதான். அது நடப்பதற்குள் எங்கள் ஊர் அவரைப் படாதபாடு படுத்தியது.

முதல் படத்தில் பயங்கரவாதியின் பெயர் டேவிட். கள்ளிக்காட்டுப் பக்கத்து அணையை உடைக்க வருகிறவன். அணைப் பக்கம் கேமராவோடு போனால் காவலர்கள் துரத்துவார்கள் என்பதால், அணையாகப் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியும் அணையின் மதகாக ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலரும் நடித்தன. ஹால் நிறைந்திருந்தது. கதாநாயகன் துப்பாக்கியை நீட்டி, "டேவிட்! நீ தப்ப முடியாது!" என்று முழங்கியதும், மூன்றாம் வரிசையில் ஓர் அம்மா எழுந்து, "எனக்க பிள்ள என்னலே செய்தான்?" என்று அலறினார். அவருடைய மகன் டேவிட் நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் சட்டை மடித்துக்கொண்டிருந்தான், பாவம்.

முன்வரிசையில் தங்கராஜ் முதலாளி எழுந்தார். ரப்பர் ஷீட் வாங்கி விற்பவர். சபைக் கமிட்டியில் ஆள். ஊருக்கு ஒரு பழி வந்தால் தன் சட்டையில் கறை பட்டதுபோல் துடிப்பவர். "நம்ம பிள்ளையளுக்க பேரு தான் கெடச்சுதாலே உனக்கு?"

அருகில் இருந்த அவர் மனைவி ரோசம்மா அக்கா அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். "இரியும். படம் நல்லாட்டுத்தானே போவுது. குண்டு வெடிக்குதா இல்லியான்னு பாப்பம்."

"நீ சும்மா இரி."

முதலாளி நேராகச் சுவரண்டை போய் பிளக்கைப் பிடுங்கினார். திரை வெளுத்தது. குண்டு வெடித்ததா இல்லையா என்பது ஊருக்குத் தெரியாமலே போயிற்று.

சரி, பெயரை மாற்றிவிடலாம் என்று டைமர் அண்ணன் கிளம்பினார். ரமேசன் என்று வைத்தார். கோயில் கமிட்டி வந்தது. டீக்கடையில் ஒருவன் யோசனை சொன்னான்: "எதுக்கு அண்ணா இந்தப் பாடு? ஒரு முஸ்லிம் பேரு போட்டா தீந்துது. எல்லாப் படத்திலயும் அப்பிடித்தானே?"

டைமர் அண்ணன் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். "எல்லாப் படத்திலயும் அப்பிடி உண்டும்னா எனக்க படத்தில இல்ல. பனச்சமூட்டு சந்தையில எனக்கு மீன் தாற மனுஷனுக்க முகத்த பிறவு நான் எப்பிடிலே பாப்பேன்? அவரு மீன்காரன் மட்டுமில்ல. எனக்கு லைட்டு பிடிக்க வாற ஆளாக்கும். எழும்பிப் போலே."

அவன் எழுந்து போனான். சாயாவைப் பாதியில் வைத்துவிட்டே போனான்.

ஆகவே யாருக்கும் இல்லாத ஒரு பெயர் வேண்டும். வேறு ஊர் என்றால் எளிது. எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும் முறை உங்களுக்குத் தெரியாது. அப்பா பெயரில் ஓர் எழுத்து, அம்மா பெயரில் ஓர் எழுத்து, கடைசியில் ஒரு 'இன்' அல்லது ஒரு 'ஜோ'. ஷிபின், லிபின், ஜெபின், அபின், ஜிஜோ, லிஜோ. தமிழிலும் மலையாளத்திலும் உள்ள எந்த இரண்டு எழுத்தைச் சேர்த்துக் குலுக்கினாலும் இங்கே ஒரு பையனாவது திரும்பிப் பார்ப்பான். டைமர் அண்ணன் அதையே சோதனையாக வைத்துக்கொண்டார். மாலையில் ஜங்ஷனில் நின்று புதிதாக உண்டாக்கிய பெயரை உரக்கக் கூப்பிடுவார். "எலே, கிஜின்!" ஒருவன் திரும்புவான். "எலே, ரெல்பின்!" பஸ்ஸிலிருந்து ஒரு தலை நீளும். கடைசியில், மனிதர்கள் யாரும் வைக்க வாய்ப்பே இல்லாத 'ஜிப்ளின்' என்ற பெயரைக் கண்டுபிடித்து ஊரெல்லாம் இனிப்பு கொடுத்தார். மறுநாள் காலையில் நர்சிங் படிக்கும் ஒரு பெண் காரக்கோணம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள்.

"அங்கிள், என் பேர நீங்க எங்க கேட்டீங்க?"

இரண்டாம் படத்தில் பயங்கரவாதிக்குப் பெயரே கிடையாது. 'அவன்' மட்டும்தான்.

அந்தப் படத்தின் நடுவில்தான் பை விஷயம் நடந்தது. குண்டு என்பது, ரப்பர் ஆசிட் வந்த பழைய கேனில் நாலு வயரைச் சுற்றி, மேலே ஒரு சிவப்பு எண் கடிகாரத்தை ஒட்டியது. அதைத் தன் மனைவி லில்லி அக்காவின் தையல் பையில் போட்டு, எல்லையில் இருக்கும் வெயிட்டிங் ஷெட்டில் வைத்துப் படம் எடுத்தார். எடுத்த ஷாட் நன்றாக வந்த மகிழ்ச்சியில் பையை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

எங்கள் சாலையின் ஒரு கரை கேரளம், மறுகரை தமிழ்நாடு. அந்த ஷெட்டின் பெஞ்சோ எல்லைக்கல்லுக்கு நேர் மேலே கிடக்கிறது. பை நடுவில் இருந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் போலீஸ் வந்தது. இரண்டு பக்கமும் தள்ளியே நின்றன.

"சார், கல்லுக்கு அந்தப் பக்கம் சார். உங்க கேஸு."

"ஏய், ஸாரே, பையுடெ கைப்பிடி நிங்ஙளுடெ ஸைடிலல்லே?"

"கைப்பிடி எங்க பக்கம்னாலும் பை உங்க பக்கம் சார்."

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது, பக்கத்து வாழைத்தோட்டத்தில் குனிந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார் டைமர் அண்ணன். பையைத் தேடித்தான் வந்தாராம். வந்த இடத்தில் ஒளி நன்றாக இருந்ததாம். கடைசியில் லில்லி அக்கா விறுவிறுவென்று வந்தார். "ஆம்பிளையளா நீங்க? எனக்க பை அது. உள்ள பாதி தச்ச ஜாக்கெட்டு கெடக்கு!" என்று பெஞ்சிலிருந்து எடுத்து உதறினார். குண்டு உருண்டு எல்லையைத் தாண்டியது. இரண்டு மாநிலமும் ஓடின.

விசாரித்து, திட்டி, எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். டைமர் அண்ணன் விடவில்லை. அந்த வாரம் முழுவதும் போய் ஸ்டேஷன் வாசலில் நின்றார். "சாரே, இதே டைமராக்கும் முந்தின சீன்ல இருக்கியது. வேற வச்சா கண்டினியூட்டி போவும்." இன்ஸ்பெக்டர் கடைசியில் அவரைப் போகச்சொல்லும் விலையாக அதைக் கொடுத்தார்.

இத்தனை பாடுபட்டு எடுத்த படத்தில் 'அவன்' வாய் திறந்தான், அதுதான் பிழை. முதலில் மலையாளம் பேசினான். இடைவேளைக்கு முன்பே பின்வரிசை எழுந்தது. "ஞங்ஙளானோ தீவ்ரவாதிகள்?" படம் நின்றது. தமிழில் குரல் மாற்றிக்கொண்டு வந்தார். நடுவரிசை எழுந்தது. "பின்ன நாங்களாலே?" படம் நின்றது. டைமர் அண்ணன் அசரவில்லை. பாதி தமிழ், பாதி மலையாளம், 'உண்டு', 'ஆக்கும்' எல்லாம் கலந்து பேசவைத்து மூன்றாவது தடவை கொண்டுவந்தார். எல்லா வரிசையும் சேர்ந்து எழுந்தது.

"இது நம்ம பேச்சுல்லாலே!" என்றார் தங்கராஜ் முதலாளி. "அப்பம் குண்டு வைக்கியவன் நம்ம ஊருக்காரன். அதத்தான நீ சொல்லுக?"

பிளக் அன்றும் அவர் கையில்தான். ரோசம்மா அக்கா வெளியே வரும்போது டைமர் அண்ணனிடம் மெதுவாகக் கேட்டார்: "மக்கா, குண்டு கடசியில வெடிக்குமா?"

"அது படத்திலதான் பாக்கணும், அக்கா."

"பின்ன சீக்கிரம் எடுத்து முடி. எனக்கு அறியணும்."

அவரால் அறிய முடியவில்லை. அடுத்த ஈஸ்டருக்குள் ரோசம்மா அக்கா போய்விட்டார். காரக்கோணம் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கிடந்தார், அதிகம் இல்லை. மகள் கனடாவிலிருந்து வர முடியாததால் டைமர் அண்ணன்தான் லைவ். அன்று எந்த மருமகனின் முகத்தையும் அவர் நெருங்கவில்லை. டும் டும் இல்லை. பெட்டியை மூடும் நேரம் வந்தபோது பழக்கம் தெரிந்த எல்லோரும் ஒரு கணம் கேமராப் பக்கம் பார்த்தோம். அவர் எண்ணவில்லை.

அதன் பிறகு தங்கராஜ் முதலாளி இன்னும் இறுகிப்போனார். ஊரின் மானத்தைக் காப்பது ஒன்றுதான் அவருக்கு மிஞ்சிய வேலை என்பதுபோல் ஆயிற்று. மூன்றாவது படம் வருகிறது என்று கேள்விப்பட்டதும் வாசகசாலைக்கு வந்து என்னிடம் சொன்னார்: "செயலாளரே, நீரு ஹாலு குடுக்கும், வேண்டாங்கல்ல. ஒரு சொல்லு, ஒரு எழுத்து, நம்ம ஊர குறிச்சு வந்துதுன்னா நான் எழும்புவேன்."

இந்த மூன்றாவது படத்துக்காக டைமர் அண்ணன் எடுத்த முன்னெச்சரிக்கைகளை எந்த நாட்டின் உளவுத்துறையும் எடுத்திருக்காது. பயங்கரவாதிக்குப் பெயர் இல்லை. பேச்சு இல்லை, ஊமை. முகமும் இல்லை, முழுநேரமும் ஹெல்மெட். நடிக்க ஒருவரும் சம்மதிக்காததால் ஹெல்மெட்டுக்குள் அவரே இருந்தார். என்னைத்தான் முதலில் கேட்டார். ஒவ்வொரு படத்துக்கும் என்னைத்தான் முதலில் கேட்பார். "உங்க முகத்தில ஒரு அமைதியான ஆபத்து உண்டு சாரே," என்பார். ஒவ்வொரு தடவையும் நான் மறுத்துவிடுவேன். ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த சிலுவை ஸ்டிக்கரை லில்லி அக்கா சுரண்டி எடுத்தார். பயங்கரவாதி எந்தப் பக்கத்திலிருந்து பைக்கில் வருகிறான் என்று சண்டை வரக்கூடும் என்பதால், கேரளப் பக்கத்திலிருந்து ஒரு தடவை, தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தடவை என்று இரண்டு காட்சி எடுத்து இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். பார்க்கிறவர்களுக்கு அவன் எதையோ மறந்து திரும்பி வருகிறான் என்று தோன்றும். தோன்றட்டும் என்றார்.

ஒன்றுதான் அமையவில்லை. ஓடுவதற்குக் கூட்டம். ஆளுக்கு ஒரு சாயா, ஒரு பருப்புவடை என்று அறிவித்தார். நிறையப் பேர் வந்தார்கள், குடித்தார்கள், தின்றார்கள், "வெயிலு தாழட்டும்" என்று போனார்கள். டைமர் அண்ணன் தன் பழைய வீடியோக்களைக் கிளறினார். அதில் அசனம் கிடைத்தது.

எங்கள் பழைய மிஷன் சபையில் வருஷத்துக்கு ஒருமுறை அசனம் உண்டு. சாதி, மதம், கரை எதுவும் பார்க்காமல் ஊரே ஒரே பந்தலில் உட்கார்ந்து சோறும் கறியும் சாப்பிடும் நாள். முதல் படம் நின்றுபோனதற்கும் இரண்டாம் படம் நின்றுபோனதற்கும் இடையில் வந்த அசனத்தில், பாதிச் சாப்பாட்டில் காற்றும் மழையும் பிய்த்துக்கொண்டு வந்து பந்தல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. எல்லோரும் எழுந்து சபைக் கோயிலை நோக்கி ஓடினோம். சபைக்காக வீடியோ எடுக்க வந்திருந்த டைமர் அண்ணன், மழையில் நனைந்துகொண்டே அந்த ஓட்டம் முழுவதையும் எடுத்திருந்தார். அதை அப்படியே குண்டுக்குப் பயந்து ஓடும் மக்களாக வைத்துவிட்டார்.

திரையிட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து உண்டு முடித்த மதியம். ஜன்னல்களை நீலத் தார்ப்பாயால் மூடினோம். உள்ளே ரப்பர் ஷீட் வாடை. டைமர் அண்ணன் கம்ப்யூட்டரை ஓடவிட்டதும் சுவரண்டை போய், பிளக்குக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கையையும் விரித்துச் சுவரோடு ஒட்டி நின்றார். லில்லி அக்கா, "மனுஷா, இருந்து பாரும்," என்றார். "நான் பாத்ததாக்கும். அவங்க பாக்கட்டும்," என்றார்.

முதலாளி முன்வரிசையில். பக்கத்து நாற்காலி காலி. யாரும் அதில் உட்காரவில்லை.

படம் போயிற்று. ஹெல்மெட் இங்கிருந்து வந்தது, அங்கிருந்து வந்தது. யாரும் எழவில்லை. ஹெல்மெட் பையைக் கொண்டுபோய் ஒரு பெஞ்சில் வைத்தது. பெஞ்சுக்குப் பின்னால் சுவரில் பாதி உரிந்த ஒரு போஸ்டர். அதில் எங்கள் சபை உபவாசக் கூட்டத்தின் அறிவிப்பு. இத்தனை எச்சரிக்கையும் போஸ்டரில் போய் விழுந்தது.

முதலாளி எழுந்தார். "அது நம்ம வெயிட்டிங் ஷெட்டு! நம்ம சபைக்க போஸ்டரு! நிறுத்துலே!"

"நிறுத்த மாட்டேன், அண்ணே," என்றது சுவர்ப்பக்கம்.

"எலே, மாறி நில்லு. நான் பிடுங்கியேன்."

"என்னைய பிடுங்கிப் போட்டுட்டு அத பிடுங்குங்க."

முதலாளி ஓரடி வைத்தார். அந்த நேரத்தில் திரையில் யாரோ "பாம்!" என்று கத்தினார்கள். கூட்டம் ஓடத் தொடங்கியது.

முதலில் ஹால் சிரித்தது. சிரிக்காமல் எப்படி இருப்பது? பயங்கரவாதத்துக்கு அஞ்சி ஓடும் மக்களில் ஒருவர் சோற்றுத் தட்டோடு ஓடினார். இருவர் கறி வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒரு துளி சிந்தாமல் ஓடினார்கள். போதகர் அங்கியை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு எல்லோரையும் முந்தினார். நானும் ஓடினேன், நடிக்க மாட்டேன் என்று சொன்ன நான், கையில் அப்பளத்தோடு.

பிறகு ரோசம்மா அக்கா வந்தார். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, நனைந்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு. வலது கையில் ஒரு கை. அந்தக் கையை இழுத்துக்கொண்டு ஓடுகிறார். இழுபட்டு வருகிறவர் தங்கராஜ் முதலாளி. மற்றக் கையில் பாதி கடித்த கோழிக்கால்.

ஹாலில் சிரிப்பு நின்றது. முதலாளி எழுந்து நின்றபடியே இருந்தார். அவருடைய நிழல் திரையின் கீழ்ப்பாதியில் விழுந்திருந்தது. ரோசம்மா அக்கா அந்த நிழலுக்குள் ஓடி, அந்தப் பக்கமாக வெளியே போனார்.

முதலாளி திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்.

"எலே... அத ஒருக்கா கூட காட்டு."

இந்த ஊரில் அந்த நிமிஷத்தில் வேறு யாராக இருந்தாலும் காட்டியிருப்பார்கள். டைமர் அண்ணன் சுவரிலிருந்து முதுகை எடுக்கவில்லை.

"படம் முடியட்டும், அண்ணே. முடிஞ்ச பிறவு எத்தற மட்டம் வேணும்னாலும் காட்டுறேன்."

"இப்பம் காட்டுலே!"

"இல்ல. அக்காவும் கடசி வர பாக்கணும்னு தான் சொன்னாவ."

பின்னாலிருந்து லில்லி அக்கா, "எந்த நேரத்துல பிடிவாதம் பிடிக்கிய மனுஷன், கர்த்தாவே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

முதலாளி அவரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

அதன் பிறகு அந்தப் படத்துக்கு அவரைப்போல் ஒரு காவல் வாய்த்ததில்லை. ஒருவன் செருமினான். "மிண்டாத இரிலே." இரண்டு பேர் எழுந்து கதவுப் பக்கம் நகர்ந்தார்கள், காரக்கோணம் பஸ்ஸுக்கு நேரமாயிற்றாம். "இரிலே! பஸ்ஸு நாளைக்கும் உண்டு. படம் முடியல்ல!" பின்வரிசையிலிருந்து யாரோ மலையாளத்தில் எதையோ ஆட்சேபிக்கத் தொடங்க, முதலாளி திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்தினார். ஆட்சேபம் அடங்கியது.

நேர்மையாகச் சொன்னால் படம் நீளம். பஞ்சாயத்துத் தொட்டியை எல்லாக் கோணத்திலும் காட்டினார். இரண்டு மாநில போலீசும் கைப்பிடிக்காகச் சண்டையிட்ட காட்சியை, முகங்களை மறைத்து, கதைக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் வைத்திருந்தார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்த பயங்கரவாதி ஏன் மனம் மாறினான் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் கடைசியில் அந்தச் சிவப்பு எண்கள் வந்தன. யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. ஹால் முழுவதும் எண்ணத் தொடங்கியது. "மூணு... ரெண்டு..." ஒன்றில் வயர் அறுந்தது. எண் நின்றது. குண்டு வெடிக்கவில்லை.

'முற்றும்' என்று திரையில் வந்ததை நாங்கள் சற்றுநேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். டைமர் அண்ணன் படத்தில் அப்படி ஒரு சொல் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. கைதட்டல் தாமதமாகத்தான் வந்தது.

"வெடிக்கல்ல," என்றார் முதலாளி, காலி நாற்காலியைப் பார்த்து. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பினார். "இனி காட்டு."

காட்டினார். இன்னொரு தடவை காட்டினார். பிறகு ஊரே கேட்டது. "அது எங்க வல்லியப்பன்! அந்தத் தூணுக்க பக்கம் பாரு!" "எனக்க தம்பி அது. துபாய்க்குப் போறதுக்கு முந்தி." ஒவ்வொரு வீடும் தன் ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. தெரியாதவர்கள் தெரியாதவர்களின் கையைப் பிடித்து ஓடிக்கொண்டிருந்தார்கள். அதை அப்போதுதான் நான் கவனித்தேன். டைமர் அண்ணன் பம்பாயில் பார்த்தது இதைத்தான்.

வெளிச்சம் வந்ததும் முதலாளி அவர் அருகில் போய்த் தணிந்த குரலில் சொன்னார்: "எலே, எல்லாம் கொள்ளாம். அந்தக் கோழிக்கால மட்டும் வெட்டி மாத்து. எனக்கு நாணமாட்டு இருக்கு."

"மாட்டேன், அண்ணே. கண்டினியூட்டி போவும்."

எல்லோரும் போன பிறகும் டைமர் அண்ணன் பிளக்குக்கு முதுகைக் கொடுத்தே நின்றார். "இனி நகரலாம், அண்ணா. படம் முடிந்துவிட்டது," என்றேன்.

"அறியும் சாரே. கொஞ்சம் நிக்கட்டு."

இப்போது நாலாவது படம் தொடங்கியிருக்கிறார். தேர்தலும் ஒரு குண்டும். தங்கராஜ் முதலாளி கூட்டத்தில் ஓடுவதற்கு முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டார். இந்தத் தடவை கையில் எதுவும் இருக்காது என்ற நிபந்தனையோடு. போன செவ்வாய்க்கிழமை டைமர் அண்ணன் வாசகசாலைக்கு வந்தார்.

"சாரே, ஹெல்மெட்டு போட்டுப் போட்டு மடுத்துப்போச்சு. இந்த மட்டம் தீவிரவாதிக்கு முகம் வேணும். ஒரு தாடி. ஒரு அமைதியான ஆபத்து."

"பெயர் கிடைத்துவிட்டதா?"

"கெடச்சாச்சு. உங்களுக்க பேரு தான். நீங்க மட்டும்தான் என்கிட்ட வழக்கு பிடிக்க மாட்டிய."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். இன்று ஞாயிறு. ஆராதனைக்குக் கிளம்பும்போது, ஏன் இன்னும் சவரம் செய்யவில்லை என்று மனைவி கேட்டாள். பிளேடு தீர்ந்துவிட்டது என்றேன். அலமாரியில் புதுப் பாக்கெட் இருக்கிறது.